நான்கு இருக்கை, ஐந்து பேர்: கோலாலம்பூருக்கு ஒரு கோடைப் பயணம்

என் அக்கா திருமணமாகி மலேசியாவின் கிள்ளான் நகருக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும், தஞ்சாவூரிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு ஒருமுறைகூட அங்கே போனதில்லை. ஒவ்வொரு கோடையிலும் பேச்சு எழும். விசாவுக்கு இவ்வளவு, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தாளில் கூட்டிப் பார்ப்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வந்து போகலாம் என்ற சலுகையை மலேசிய அரசு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியபோது, அந்தத் தாளின் முதல் வரி அடிபட்டுப் போயிற்று. 2024 பொங்கல் விடுமுறையில் அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், இன்னும் இரண்டு வயது நிறையாத மகன், நான் என ஐந்து பேருக்கும் மே மாதப் பயணம் என்று முடிவாயிற்று. டிக்கெட் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் தேடலிலேயே ஒன்று புரிந்தது. திரையில் பெரிய எழுத்தில் தெரியும் தொகை, ஒரே ஒருவர், ஒரு வழி மட்டும், பெட்டி எதுவும் இல்லாமல், எந்த இருக்கை கிடைத்தாலும் சம்மதம் என்று போவதற்கான விலை. அப்படிப் பயணம் செய்யும் ஆள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அம்மாவுக்கு ஓர இருக்கை வேண்டும். அக்காவுக்குக் கொண்டுபோகும் சாமான்களே முப்பது கிலோவைத் தாண்டும். கைக்குழந்தைக்குத் தனிக் கட்டணம். ஆகவே ஒரு நோட்டில் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, ஐந்து பேரும் தஞ்சாவூர் வீட்டைப் பூட்டியதிலிருந்து கிள்ளானில் இறங்கும் வரை ஆகும் மொத்தச் செலவை மட்டுமே எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். இப்படி எழுதத் தொடங்கியதும், மலிவு என்று பட்ட பாதிக்கு மேற்பட்ட வழிகள் மலிவு இல்லை என்று ஆயின.

சென்னையிலிருந்து போனால் தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள், குறைந்ததும் உண்மைதான். ஆனால் ஐந்து பேர் தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய், அங்கிருந்து பெட்டிகளோடு மீனம்பாக்கத்துக்கு வண்டி பிடித்து, நடுவில் ஒரு வேளைச் சாப்பாட்டையும் வெளியில் முடித்துக்கொண்டு, திரும்பும்போது அதையெல்லாம் மறுபடியும் செய்வதற்கான தொகையை எழுதியதும் அந்த மிச்சம் கரைந்துவிட்டது. திருச்சி விமான நிலையமோ எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஏர் ஏசியாவும் பாத்திக் ஏரும் அங்கிருந்தே கோலாலம்பூருக்கு நேராகப் பறக்கின்றன. சிங்கப்பூர் வரை விமானத்திலும் அங்கிருந்து பேருந்திலும் போகலாம் என்ற யோசனைக்குச் சிங்கப்பூர் விசா குறுக்கே வந்தது. தலைக்கு 30 சிங்கப்பூர் டாலர் கட்டி அதற்கு விண்ணப்பித்துவிட்டு மலிவைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் விமானத்தில் போவதை மட்டும் கொஞ்சம் தீவிரமாகவே எண்ணிப் பார்த்தேன். அத்தகைய முழுச்சேவை நிறுவனங்களில் பெட்டியும் சாப்பாடும் கட்டணத்துக்குள் அடக்கம். இரண்டு முதல் பதினோரு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அடிப்படைக் கட்டணத்தில் பொதுவாகக் கால் பங்கு குறையும். மடியில் வரும் குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். குறைந்த கட்டண விமானங்களில் ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரே விலைதான். ஆனாலும் கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மணிக்கணக்காக ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்காருவதற்கு என் மனைவி என்ன விலை போடுவாள் என்று யோசித்தேன். அந்தப் பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

அடுத்தது தேதி. எங்கள் பயணத்தில் உண்மையாகவே பணம் மிச்சமானது இந்த இடத்தில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பள்ளிகள் ஏப்ரல் இறுதியில் மூடி ஜூன் முதல் வாரத்தில் திறக்கின்றன. ஊருக்குப் போகும் குடும்பங்கள் எல்லாம் திறப்பு நாளைக் கணக்கிட்டு அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களுக்குள் திரும்புவதால், அந்த நாட்களின் வருகை விமானங்கள்தான் பருவத்திலேயே விலை கூடியவை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் திறப்பு நாளே நிலையானது அல்ல. 2023இல் ஜூன் 1 என்று அறிவித்து, வெயிலால் 7ஆம் தேதிக்குத் தள்ளி, பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் 12ஆம் தேதி, தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் தேதி என்று முடித்தார்கள். நாங்கள் போன 2024இலும் ஜூன் 6 என்றிருந்தது 10ஆம் தேதிக்குப் போயிற்று. ஜூன் 5க்குள் வந்தாக வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்துத் திரும்பிய என் நண்பர், பள்ளி திறக்கக் காத்திருந்த அந்த நாட்களில் யாரைக் கண்டாலும் இதைச் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார்.

நம் ஊர் விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, போகிற ஊரின் விடுமுறையையும் பார்க்க வேண்டும் என்பதை அக்காதான் சொன்னாள். மலேசியப் பள்ளிகளுக்கு அந்த ஆண்டின் முதல் தவணை விடுமுறை மே மாதக் கடைசி வாரத்தில்தான் தொடங்கியது. அது தொடங்கியதும் அங்குள்ள நம் மக்கள் திருச்சிக்கும் சென்னைக்கும் கிளம்புவார்கள். "தம்பி, 24க்கு மேலே நீ திரும்பணும்னா எங்க ஊர்ச் சனமும் உன்னோட சேர்ந்து ஏறும், விலையைப் பார்த்துக்கோ" என்று தொலைபேசியில் எச்சரித்தாள். ஆக, மே முதல் பாதியில் போய் 24ஆம் தேதிக்குள் திரும்புவது கணக்குக்குப் பொருத்தமாக இருந்தது. இதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். நாங்கள் அங்கிருந்த பகல் பொழுதுகளில் அக்கா பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். என் மகள் மதியம் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில்தான் சின்னவனின் பிறந்தநாள் வந்து நின்றது. அவன் 2022 மே 24 அன்று பிறந்தவன். இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனி இருக்கை வாங்க வேண்டியதில்லை, மடியில் வைத்துக்கொண்டு போகலாம். அதற்கான கட்டணம் ஓர் இருக்கை விலையில் ஒரு சிறு பங்குதான். வயதைக் கணக்கிடுவது டிக்கெட் வாங்கும் நாளை வைத்து அல்ல, ஒவ்வொரு பறப்பும் நடக்கும் நாளை வைத்து. போகும்போது கைக்குழந்தையாக இருப்பவன், வரும்போது இரண்டு வயதைத் தாண்டியிருந்தால் அந்தப் பறப்புக்கு அவன் ஐந்தாவது இருக்கைக்கு உரியவன். குறைந்த கட்டண விமானத்தில் அதற்குப் பெரியவர் விலைதான். அப்படிப்பட்ட நிலையில் போவதையும் வருவதையும் ஒரே சீட்டாகப் போடாமல் இரண்டு தனி ஒருவழிச் சீட்டாகப் போட்டு, முதலாவதில் கைக்குழந்தை என்றும் இரண்டாவதில் சிறுவன் என்றும் பதிய வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அம்மாவின் விருப்பமோ வேறு. பேரனுக்குப் பத்துமலை முருகன் சன்னதியில் மொட்டை போட வேண்டும், அதுவும் அவன் நட்சத்திரத்தன்று போட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். காலண்டரைப் புரட்டியதில் வைகாசிப் பூரட்டாதி மே 31 அன்று வந்தது. அம்மாவின் கணக்குப்படி அதுவரை அவனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. பாஸ்போர்ட்டின் கணக்குப்படி ஒரு வாரம் முன்பே நிறைந்துவிடுகிறது. விமான நிறுவனத்திடம் நட்சத்திரம் செல்லாது என்பதை அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று. மே 31ஐ முடித்துக்கொண்டு ஜூன் 1 அன்று திரும்புவதென்றால், அக்கா பார்த்த நாளில் தலைக்கு 690 ரிங்கிட் வீதம் ஐந்து இருக்கைக்கு 3,450 ரிங்கிட் ஆகும். மே 23 வியாழனன்று திரும்பினால் தலைக்கு 420 வீதம் நான்கு இருக்கைக்கு 1,680 ரிங்கிட்டும் கைக்குழந்தைக் கட்டணமும். ரிங்கிட் அப்போது பதினேழரை ரூபாயை ஒட்டி இருந்தது. வித்தியாசம் இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு மேல். எந்த வலைத்தளத்தின் எந்தத் தள்ளுபடியும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

வழி சொன்னவள் என் மனைவி. அந்த ஆண்டு வைகாசி விசாகம் மே 22 புதன்கிழமை. மலேசியாவில் அன்று விசாக தினப் பொது விடுமுறையும்கூட, ஆகவே அக்கா குடும்பம் முழுவதும் வர முடியும். "முருகன் பிறந்த நட்சத்திரத்தில் போட்டால் போதாதா அத்தை, இவன் நட்சத்திரத்தில்தான் போட வேண்டுமா?" என்று அவள் கேட்டதற்கு அம்மாவிடம் மறுமொழி இல்லை. 7ஆம் தேதி செவ்வாய் கிளம்பி 23ஆம் தேதி வியாழன் திரும்புவது உறுதியாயிற்று. இரண்டும் வார நடு நாட்கள். வெள்ளி, சனி, ஞாயிறை விட அவற்றில் விலை குறைவாக இருந்ததைத் தேடுதளத்தின் மாதக் கட்டத்திலேயே பார்க்க முடிந்தது. 23ஆம் தேதியில் பகல் விமானமாகப் பார்த்தே எடுத்தோம். இரவு பன்னிரண்டரை மணி விமானம் என்றால், நாம் 23ஆம் தேதி இரவு என்று பேசுவது சீட்டில் 24ஆம் தேதியாக இருக்கும். பிள்ளைக்கு இரண்டு வயது ஆகிவிடும். நள்ளிரவு விமானங்களில் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு நாள் கழித்து விமான நிலையம் போன குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

குடும்பமாகத் தேடுபவர்கள் அதிகம் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு விமானத்தின் சாதாரண வகுப்பு இருக்கைகள் எல்லாம் ஒரே விலையில் விற்கப்படுவதில்லை; அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, கீழ்ப்படியில் உள்ளவை தீர்ந்ததும் அடுத்த படிக்கு ஏறுகிறார்கள். நான்கு பேர் என்று போட்டுத் தேடினால், நான்கு இருக்கைகளும் சேர்ந்து கிடைக்கும் படியின் விலையையே பெரும்பாலும் கணினி நான்கு பேருக்கும் காட்டும். கீழ்ப்படியில் இரண்டு இருக்கை மிச்சம் இருந்தாலும் அவற்றை நமக்குச் சொல்லாது. நான் முதலில் நால்வருக்குத் தேடியபோது தலைக்கு ரூ. 10,600 என்று வந்தது. ஒருவருக்கு என்று மாற்றினால் ரூ. 7,900. இருவருக்கும் அதே 7,900. மூவர் என்றதும் 10,600க்குத் தாவியது. ஆகவே இரண்டு பேருக்கு ஒரு முன்பதிவு, மீதி இருவருக்கும் கைக்குழந்தைக்கும் இன்னொன்று என்று பிரித்துப் போட்டேன். 42,400 ஆகியிருக்க வேண்டியது 37,000இல் முடிந்தது. விலை ஏறுவது நாம் பலமுறை தேடுவதைக் கணினி கண்டுகொள்வதால்தான் என்றும், செவ்வாய் நள்ளிரவில் வாங்கினால் குறையும் என்றும் சொல்பவர்களைக் கேட்டு நானும் சில இரவுகள் விழித்திருந்தேன். தூக்கம் கெட்டதைத் தவிர வேறு பலன் எதுவும் தெரியவில்லை.

பிரித்துப் போடும்போது ஒவ்வொரு முன்பதிவிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பிள்ளைகளை மட்டும் தனியே பதிய முடியாது. மனைவி, மகள், மடியில் மகன் ஒரு முன்பதிவிலும், அம்மாவும் நானும் இன்னொன்றிலும் இருந்தோம். இந்தப் பிரிவினையால் வந்த தொல்லை திருச்சியில் பெட்டி போடும் இடத்தில் தெரிந்தது. ஒவ்வொரு முன்பதிவுக்கும் இருபது கிலோ முன்கூட்டியே வாங்கியிருந்தேன். வீட்டில் தொங்கு தராசில் நிறுத்தபோது மொத்தத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தேனே ஒழிய, எந்தப் பெட்டி யாருடைய முன்பதிவில் போகிறது என்று யோசிக்கவில்லை. ஒரு பெட்டி இருபத்து மூன்றரை கிலோ, மற்றது பதினைந்து. ஒரே முன்பதிவாக இருந்தால் சேர்த்துப் பார்த்திருப்போம், இவை வேறு வேறு என்று அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். விமான நிலையத்தில் கூடுதல் எடைக்குக் கேட்கும் கட்டணம் முன்கூட்டி வாங்குவதைப் போலப் பல மடங்கு. தரையில் உட்கார்ந்து இரண்டு பெட்டியையும் திறந்து, இட்லிப் பொடி, சுண்டைக்காய் வற்றல், அப்பளக் கட்டுகள் எல்லாவற்றையும் இங்கிருந்து அங்கே மாற்றினோம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அப்பளக் கட்டைக் கையில் எடுத்துக் கொடுத்து உதவினார். கைப்பை ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அம்மா பைக்குள் ஒளித்து வைத்திருந்த மாவடு பாட்டிலும் அப்போது வெளியே வந்து பெட்டிக்குள் போயிற்று. நூறு மில்லிக்கு மேற்பட்ட நீர்மப் பொருளைக் கைப்பையில் விடமாட்டார்கள்.

எங்கே வாங்குவது என்பதிலும் ஒரு பாடம் பட்டிருந்தேன். முன்பு ஒருமுறை தம்பிக்காக ஒரு இடைத்தரகுத் தளத்தில் ஆயிரம் ரூபாய் குறைவு என்று வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் தலைக்கு ஒரு சேவைக் கட்டணம், நான் கேட்காமலே குறியிடப்பட்டிருந்த காப்பீடு என்று சேர்ந்து அந்தக் குறைவு காணாமல் போனது. அதைவிட மோசம், பெயரில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டியபோது விமான நிறுவனம் தரகரைக் கேள் என்றது, தரகர் விமான நிறுவனத்தைக் கேள் என்றார். இந்த முறை தேடுவதற்கு மட்டும் கூகுள் ஃபிளைட்ஸையும் ஸ்கைஸ்கேனரையும் பயன்படுத்தி, வாங்குவதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே செய்தேன். அதிலும், பணம் திரும்பப் பெறுவதற்கான இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதிகள் வெளிநாட்டு நிறுவனங்களை அவற்றின் சொந்த நாட்டு விதிப்படி நடக்க விட்டுவிடுகின்றன. ஆகவே மலேசிய நிறுவனத்தின் நிபந்தனைகளை முழுவதும் படித்துவிட்டே பணம் கட்டினேன்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே அமைந்த தலைவலி. அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அவருக்கு ஒரே பெயர்தான். தளமோ இரண்டாம் பெயர் இல்லாமல் நகர மறுத்தது. பழக்கத்தில் அப்பாவின் பெயரை அங்கே தட்டச்சு செய்யப் போன கையை மனைவி பிடித்து நிறுத்தினாள். பாஸ்போர்ட்டில் இல்லாத பெயர் சீட்டில் வரக்கூடாது. ஒற்றைப் பெயருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நாங்கள் போன நிறுவனம் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்லியிருந்தது. மகளின் பாஸ்போர்ட்டிலும் ஒரு கண்டம் இருந்தது. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அவளுடையது ஆகஸ்டில் முடிவதாக இருந்தது, நுழையும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி வேண்டும். ஆயிரம் ரூபாய் கட்டிப் புதுப்பித்த பிறகே டிக்கெட் போட்டேன்.

திரும்பும் சீட்டை அக்காவே போட்டாள். கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் பறப்புக்கு விலை ரிங்கிட்டில் வரும். என் அட்டையில் கட்டினால் அயல்நாட்டுப் பணத்துக்கென வங்கி எடுக்கும் மூன்றரை சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும். மாமா அங்கிருந்தபடியே தம் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்திவிட்டார். நான் அந்தப் பணத்தை ரூபாயாகக் கொண்டுபோய்க் கொடுத்ததை அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை என்பது கணக்கில் சேராத வரவு. அந்தத் திரும்பும் சீட்டின் அச்சுப்படி திருச்சியிலும் கோலாலம்பூர்க் குடிநுழைவிலும் கேட்கப்பட்டது. மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைப் போகும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும்; அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதிர்ப்பட்டால் அது வேறு யாருடையதோ என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த திருச்சியின் புதிய முனையம் நாங்கள் போன மே மாதத்தில் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஜூன் 11 அன்றுதான் வந்தது. கோபுர வேலைப்பாட்டோடு நின்ற அந்தக் கட்டடத்தைக் காரிலிருந்து பார்த்துவிட்டுப் பழைய முனையத்தின் நெரிசலுக்குள் நுழைந்தோம். அங்கிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். மகன் என் மடியிலும் மனைவி மடியிலும் மாறி மாறி ஏறி இறங்கியதில் இருவருக்கும் கால் மரத்துப் போயிற்று.

விசாகத்தன்று பத்துமலையில் 272 படிகளையும் ஏறி மொட்டைத் தலையோடு இறங்கியவன், மறுநாள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் சந்தனம் காயாத தலையோடு வரிசையில் நின்றான். அவன் பாஸ்போர்ட்டை வாங்கிய ஊழியர் பிறந்த தேதியைப் பார்த்தார், சீட்டின் தேதியைப் பார்த்தார், பிறகு மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தமிழர்தான். "நாளைக்கா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "சரியா கணக்குப் போட்டு வந்திருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, இருக்கை எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டை அவன் கையிலேயே கொடுத்தார். அவன் அதை வாயில் வைத்துக்கொண்டான்.